சோறு ஒரு மலை, பொரியல் ஒரு கரண்டி

காலையில் எங்கள் மெடிக்கலில் ஷட்டர் பாதி ஏறும்போதே ஆள் நிற்கும். சத்தமாகக் கேட்க மாட்டார்கள். கவுண்டர் மேல் கொஞ்சம் குனிந்து, "மோஷன் சரியா போகலக்கா, ஏதாவது குடு" என்பார்கள். வட சென்னை தண்டையார்பேட்டையில், காசிமேடு போகிற பக்கம் உள்ள ஒரு மருந்துக்கடையில் நான் மருந்தாளுநர். சளி, காய்ச்சலுக்கெல்லாம் சீசன் உண்டு. மலச்சிக்கலுக்கு மட்டும் சீசனே கிடையாது. லாக்டுலோஸ் சிரப், பிசாகோடில் மாத்திரை, இசப்கோல் மூன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் நிரந்தர உத்தரவு.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. இன்று இசப்கோல் வாங்குகிற முகம் சில வருடம் கழித்து சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சீட்டோடு வரும். அப்புறம் பிரஷர் மாத்திரை. அப்புறம் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின். மலச்சிக்கல்தான் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தட்டில் ஒரே குறையிலிருந்து, நார்ச்சத்துக் குறைவிலிருந்து, கிளம்பலாம் என்கிறேன். அந்தத் தட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இசப்கோல். ஒரு செடியின் விதை உமி அது. குஜராத், ராஜஸ்தான் பக்கம் நிறைய விளைகிறது. தண்ணீரில் போட்டால் ஊறி வழவழவென்று ஆகும். அதனால் கலக்கிய உடனே குடித்துவிட வேண்டும். மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு, தொண்டையில் அடைத்து, கண்ணெல்லாம் சிவந்து கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இல்லாமல் போட்டால் அது தொண்டையையே அடைக்கும். குடலுக்குள் போனாலும் தண்ணீர் இல்லையென்றால் இறுகித்தான் நிற்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சேர்வது குறையலாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இசப்கோல் நல்ல பொருள்தான், விற்பவள் நானே சொல்கிறேன். ஆனால் அது நார்ச்சத்தில் ஒரு ரகம் மட்டும்தான். நார்ச்சத்து என்பது காய், கனி, தானியம், பருப்பு ஆகியவற்றில் நம் சிறுகுடலால் செரிக்க முடியாமல் மிஞ்சுகிற பகுதி. மீனில் கிடையாது, கறியில் கிடையாது, முட்டையில், பாலில் கிடையாது. மீன் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

செரிக்காத பொருளால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு பகுதி தண்ணீரை உறிஞ்சி மலத்துக்குக் கனமும் மென்மையும் தருகிறது. வெந்தயம், வெண்டைக்காய், ஓட்ஸ், பயறு வகைகளில் இருக்கிற வழவழப்பான பகுதி, சாப்பாட்டிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற வேகத்தைக் குறைக்கிறது. பித்தநீரைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளுகிறது. கல்லீரல் புதுப் பித்தநீர் தயாரிக்க ரத்தத்திலுள்ள கொழுப்பை எடுக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் அப்படித்தான் கொஞ்சம் இறங்குகிறது. பெருங்குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இந்த மிச்சத்தைப் புளிக்க வைத்து ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. நமக்குச் செரிக்காதது அவற்றுக்கு விருந்து.

இதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் டெனிஸ் பர்க்கிட், அயர்லாந்துக்காரர், அறுவை மருத்துவர். உகாண்டாவில் ஏறத்தாழ இருபது ஆண்டு வேலை பார்த்தார். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நிறைய வருகிற குடல்வால் அழற்சி, மூலம், பெருங்குடல் புற்றுநோய் எல்லாம் அங்கே கிராமத்து ஜனங்களிடம் ஏன் இவ்வளவு அபூர்வம் என்று யோசித்தார். 1972இல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சாப்பிட்டது வெளியே வர எத்தனை நேரம், மலம் எத்தனை கிராம் என்று நாடு நாடாக அளந்த ஆய்வு. எங்கள் வீட்டில் யாராவது இந்த வேலை பார்த்திருந்தால் என் மாமியார் வாசலோடு நிறுத்தியிருப்பார். கிராமத்து ஆப்பிரிக்கர்களுக்கு மலம் கனமாக, சீக்கிரமாக வெளியேறியது. இங்கிலாந்துக்காரர்களுக்குக் கொஞ்சமாக, தாமதமாக. காரணம் நார்ச்சத்து என்றார். அப்போது அது ஊகம்தான். இரண்டு ஊருக்கும் இடையே வேறு நூறு வித்தியாசம் உண்டே.

கெட்டியான கணக்கு பின்னால் வந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் உலக சுகாதார நிறுவனத்துக்காக 185 நீண்டகால ஆய்வுகளையும் 58 மருத்துவப் பரிசோதனைகளையும் தொகுத்து 2019இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நார்ச்சத்து மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், டைப் 2 சர்க்கரை, பெருங்குடல் புற்றுநோய் வருவதும், ஒட்டுமொத்த இறப்பும் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு நாளைக்கு 25 முதல் 29 கிராம் என்பது நல்ல பலன் தெரிந்த அளவு. 2023இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம், அதுவும் உணவிலிருந்தே, என்று பரிந்துரைத்தது.

25 கிராம் என்றால் எங்கள் தெருவில் எவ்வளவு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாத மதியத்தில் கணக்குப் போட்டேன். பில் பேப்பரின் பின்பக்கத்தில்தான். காலையில் மூன்று இட்லி: நாலு கிராம் வந்தால் அதிகம், அதில் பாதி உளுந்து தருவது. மதியம் 150 கிராம் புழுங்கல் அரிசி போட்டு வடித்த சோறு: ஐந்தரை கிராம். மேலே ஊற்றுகிற மீன் குழம்பில் புளியும் தக்காளியும் வெங்காயமும் ஏதோ கொஞ்சம். ஓரத்தில் ஒரு கரண்டி கோஸ் பொரியல்: ஒன்றரை, இரண்டு. ராத்திரி இரண்டு பரோட்டா: 100 கிராம் மைதா என்று வைத்தாலும் மூன்று கிராம் தேறாது. மொத்தம் பதினைந்தைத் தாண்டவில்லை. இது வீட்டில் சமைக்கிற, பொரியல் வைக்கிற தட்டு. டீயும் பன்னுமாகக் காலையைக் கழிக்கிறவர்களுக்கு இதுகூட வராது.

அதே அட்டவணையில் கருப்புக் கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 25 கிராம். ராத்திரி ஊறப்போட்டு வேகவைத்த ஒரு கைப்பிடி, அதாவது காய்ந்த எடையில் 40 கிராம், அப்படியே 10 கிராம் தந்துவிடும். வெள்ளைக் கொய்யா ஒன்று நல்ல சைஸில் இருந்தால் எட்டு கிராம் கிட்ட. 100 கிராமுக்கு முழுப் பச்சைப்பயறு 17. கேழ்வரகு 11. மைதா மூன்றுக்கும் கீழே. இந்த எண்களைப் பார்த்த பிறகு "ஃபைபர்" என்று அட்டையில் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டைத் திருப்பிப் பின்னால் படித்துப் பாருங்கள். நம் நாட்டு விதிப்படி 100 கிராமுக்கு 6 கிராம் இருந்தாலே "நார்ச்சத்து மிகுந்தது" என்று எழுதிக்கொள்ளலாம். யாரும் 100 கிராம் பிஸ்கட் சாப்பிடப் போவதில்லை. சாப்பிட்டால் சர்க்கரையும் எண்ணெயும் கூடவே வரும். எங்கள் கடையிலும் அது கண்ணாடி அலமாரியில் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடுக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். லாபம் அதில்தானாம்.

எங்கள் வட சென்னையில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். மற்ற நாளில் கூழ் வண்டி உண்டு: கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய், நெத்திலிக் கருவாடு. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் கொண்டுவந்த மொய்ங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸில் வாழைத்தண்டு உண்டு. அத்தோ என்கிற பர்மா உணவு விற்கிற கடைகளில் நூடுல்ஸ் மைதாதான், ஆனால் அதில் கோஸை அள்ளிப் போட்டுப் பிசைவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். என் பையன் நூடுல்ஸை முடித்துவிட்டு சூப்பை என் பக்கம் தள்ளுவான். நானும் குடித்துவிடுவேன், வேறு வழி?

கூழைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரைக்காரர்கள் சிலர் கேழ்வரகை மருந்து என்று நினைத்துச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். நைஸாக அரைத்து, குழைய வேகவைத்து, நீர்க்கக் கரைத்ததும் அது சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். நார்ச்சத்து இருப்பது வாஸ்தவம், மாவுச்சத்தும் ஏராளமாக இருக்கிறதே. ஒரு டம்ளர் கூழும் ஒரு கைப்பிடி சுண்டலும் என்றால் சரி. கருவாட்டு உப்பு பிரஷர்காரர்களுக்கு ஆகாது என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள்.

சரி, சாப்பாட்டைச் சொல்லியாயிற்று. டாக்டர்கள் பேட்டியில், டிவியில் எல்லாம் இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்கு மேல் போக வேண்டியிருக்கிறது.

மீன் விற்கிற ஒரு அக்கா மாதத்துக்கு இரண்டு தரம் லாக்டுலோஸ் வாங்க வருவார். விடிகாலை மூன்று மணிக்கு காசிமேடு ஏலத்துக்குப் போய்விடுவார். மீனை அன்னக்கூடையில் எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஏழு மணிக்குள் ரோட்டோரம் பலகை போட்டு உட்கார்ந்தால் மதியம் இரண்டு வரை அந்த இடம்தான். கை முழுக்க மீன் செதிலும் ஐஸ் வெடிப்புமாக இருக்கும். ரூபாய் நோட்டை விரல் நுனியில் பிடித்து நீட்டுவார். ஒருநாள் நான் பெரிய மனுஷி மாதிரி, "கீரை, காய் நல்லா சாப்பிடுங்கக்கா, தண்ணி நிறைய குடிங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சா எங்கம்மா போறது? நீ வந்து கூடையப் பாத்துக்கிறியா?"

வீட்டிலும் கதை அதுதான். லைன் வீடு. ஏழெட்டுக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் எல்லாரும் போய் முடிப்பதற்குள் அவர் ஏலத்தில் நிற்பார். மூன்று மணிக்கு எழுந்ததும் யாருக்கும் வராது. வருகிற நேரத்தில் போக இடமில்லை. அடக்குவார். அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். நாளடைவில் அந்த உந்துதலே மங்கிவிடும். அப்புறம் முக்கல், மூலம், வெடிப்பு, களிம்பு. இந்த நிலையில் ஒருத்தருக்கு நார்ச்சத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால், தண்ணீரும் இல்லாமல் போகவும் முடியாமல், வயிறு கல்லாகிவிடும். பர்க்கிட் அளந்த கிராமத்து ஜனங்களுக்கு இந்த வரிசை இருந்திருக்காது.

அதனால் எங்கள் பக்கம் மலச்சிக்கல் என்பது பாதி சாப்பாடு, பாதி கக்கூஸ் என்றுதான் நான் சொல்வேன். மார்க்கெட் பக்கத்தில் பெண்கள் நம்பி உள்ளே போகிற மாதிரி, தண்ணீர் வருகிற, விளக்கு எரிகிற, விடியற்காலை மூன்று மணிக்கும் திறந்திருக்கிற கழிப்பறை ஒன்று இருந்தால் எங்கள் கடையில் சிரப் விற்பனை குறையும். இதை எந்த ஊட்டச்சத்து அட்டவணையும் போடாது.

அந்த அக்காவிடம் நான் மாற்றிச் சொன்னது இதுதான். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், எல்லாருக்கும் அப்படித்தான். அது காலையில்தான் நடக்க வேண்டும் என்று சட்டமில்லை. மதியம் வீடு திரும்பியதும் வரிசையும் இருக்காது. திரும்பியவுடன் இரண்டு டம்ளர் தண்ணீர், காயோடு சாப்பாடு, கால் மணி நேரம் கழித்துப் போய் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். சுண்டல், கொய்யா எல்லாம் மதியத்துக்குப் பிறகு, தண்ணீரும் அதோடு. சிரப் இன்னும் வாங்குகிறார். முன்பைவிடக் குறைவு.

மூலம் என்று அவர்களே முடிவுகட்டி வருகிறவர்கள்தான் எனக்குப் பயம். ஒரு ஆட்டோக்கார அண்ணன் ரத்தம் போகிறது என்று களிம்பும் மாத்திரையுமாக வாங்கிக்கொண்டே இருந்தார். "காரம் சாப்ட்டா வரும்மா, ஒண்ணியும் இல்ல" என்பார். வயது ஐம்பதை ஒட்டி. பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தது, ஆள் இளைத்திருந்தார். களிம்பு தர மாட்டேன், முதலில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வாங்க என்றேன். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அப்புறம் அவர் மனைவி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கேமரா விட்டுப் பார்த்ததில் பாலிப் என்கிற சதை வளர்ச்சி, எடுத்துவிட்டார்கள். விட்டுவைத்தால் அதில் சில புற்றுநோயாக மாறும். ரத்தம் தொடர்ந்து போனால், காரணமில்லாமல் எடை இறங்கினால், சில வாரமாக மலம் போகிற பழக்கமே மாறியிருந்தால், கீரையையும் இசப்கோலையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் டாக்டர்.

என் வீட்டுக்கு வருகிறேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்குக் காயும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. தட்டில் பாதி இவையே. நாங்கள் நாலு பேர். தினமும் 1,600 கிராம் காய். விலையை விடுங்கள், யார் நறுக்குவது? முளைக்கீரை ஒரு கட்டை ஆய்ந்து, மண் போக அலசி, நறுக்கி முடிக்க அரை மணி. வதங்கினால் நாலு பேருக்கு ஆளுக்கொரு கரண்டி. ஒன்பது மணிக்குக் கடையை விட்டு வந்து இதைச் செய் என்று எனக்கு யாராவது சொன்னால் சண்டைதான். 400ஐ நாங்கள் எட்டுவதில்லை. எட்டாவிட்டாலும் பரவாயில்லை, கரண்டி பெரிதாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடக்கிற வேலை எது என்றால், சாயங்காலம் கூறு போட்டு விற்கிற காய். முள்ளங்கி, கொத்தவரை, அவரை, பூசணி எதுவானாலும் சரி. ஒரு கூறு வாங்கி வந்து, ராத்திரி என் வீட்டுக்காரரும் நானும் டிவி முன்னால் நறுக்கி டப்பாவில் போட்டுவிடுவோம். பயறு, கடலை ஏதாவது ஒன்று எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைப்பது என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். காயை முதலில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மாமியாருக்கு இது ஒப்பவில்லை. "பொரியல வெறும் வாயில தின்னுட்டா சோத்துக்கு என்னத்த தொட்டுக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. இப்போது அவருக்கு மட்டும் இரண்டு தரம் பொரியல் வைக்கிறோம், அது இன்னும் நல்லதாகப் போயிற்று.

திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், காற்று பிரியும். வீட்டில் யாரும் யார் பக்கத்திலும் உட்கார மாட்டார்கள். பாக்டீரியாக்களுக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு கைப்பிடி சுண்டலை முதல் வாரம் கால் கைப்பிடியாக ஆரம்பியுங்கள். கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் கீரை, வாழைத்தண்டு, பழம் எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும், பொட்டாசியம் சேர்ந்துவிடும்.

போன வாரம் ஒரு டிரெய்லர் டிரைவர் தம்பி வந்தான். எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகிறவன். வரிசையில் வண்டி நின்றால் மணிக்கணக்கில் நகராது, இறங்கவும் முடியாது. "மோஷன் போகணும்க்கா, ஆனா வண்டில இருக்கறப்ப வரக் கூடாது, அப்டி ஒரு மாத்திர குடு" என்றான். அப்படி ஒரு மாத்திரையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வண்டி இல்லாத நாட்களில் ராத்திரி என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். பரோட்டா, சால்னா. அதில் ஒரு பரோட்டாவைக் குறைத்துக்கொண்டு, சாயங்காலம் கடற்கரையில் விற்கிற பட்டாணி சுண்டலில் ஒரு பொட்டலம் சாப்பிடச் சொன்னேன். தண்ணீரை ராத்திரியில் குடிக்கச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "அது சரிக்கா, இப்ப நாளைக்கு லோடு இருக்குதே" என்றான். நாளைக்கு என்று எடுத்துக்கொண்டால் அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சின்ன பாட்டில் லாக்டுலோஸ் கொடுத்து, இன்று வேண்டாம், லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு போடு என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.